ப்ராக் வர்றீங்களா? எல்லாரும் கேக்குற கேள்விகளும் என்னோட பதில்களும்

செக் குடியரசோட தலைநகர் ப்ராக்ல நான் குடியிருக்கறதால, ஊர்லேர்ந்து கிளம்புற சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ், ஃப்ரெண்டோட ஃப்ரெண்ட்ஸ்னு எல்லாரும் வாட்ஸாப்ல கேள்வி கேப்பாங்க. கேள்விங்க கிட்டத்தட்ட எல்லாம் ஒண்ணுதான், அதான் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். முதல்லயே ஒரு விஷயம். ஓல்டு டவுன் ஸ்கொயர், சார்லஸ் பாலம், கோட்டை இந்த மூணையும் இணைக்குற ஒரே ஒரு பாதைலதான் மொத்தக் கூட்டமும் நடக்குது, விலை ஏறிக் கெடக்கறதும் அங்கதான், ஏமாத்து வேலை நடக்கறதும் அங்கதான். அந்தப் பாதைலேர்ந்து ரெண்டு தெரு தள்ளிப் போனா ஊரே மாறிடும். கீழ இருக்க பதில்கள்ல பாதி இதைச் சுத்தியேதான் வரும், சொல்லிட்டேன்.

எத்தனை நாள் வேணும்? வியன்னா, புடாபெஸ்ட்டோட சேத்து ஒரு நாள் போட்டா போதாதா?

போதாது. டூர் பேக்கேஜ்ல காலைல பஸ்ல இறக்கிவிட்டு சாயங்காலம் ஏத்திட்டுப் போயிடுவாங்க, நீங்க பாத்தது பூரா மத்தவங்க முதுகாதான் இருக்கும். குறைஞ்சது மூணு ராத்திரி தங்குங்க, முடிஞ்சா நாலு. இங்க ராத்திரி தங்குறதுல பெரிய லாபம் என்னன்னா காலைல ஏழு மணிக்கு முன்னாடியும் ராத்திரி பத்து மணிக்கு அப்புறமும் இந்த ஊர் உங்க கைக்கு வந்துடும், பகல்ல வந்துட்டுப் போறவங்களுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. வியன்னாவுக்கு ட்ரெயின்ல சுமார் நாலு மணி நேரம், ஜெர்மனில ட்ரெஸ்டனுக்கு ரெண்டரை மணி நேரத்துக்குள்ள போயிடலாம், அதனால சேத்துப் போடறது சுலபம்தான், ஆனா ப்ராக்கை நடுவுல வர்ற ஸ்டாப்பா மட்டும் வச்சுடாதீங்க.

எந்த மாசம் நல்லா இருக்கும்?

ஏப்ரல் கடைசிலேர்ந்து ஜூன் நடு வரைக்கும், அப்புறம் செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி. ஜூலை ஆகஸ்ட்ல வெயிலும் கூட்டமும் சேந்து அடிக்கும், பழைய கட்டடத்து ரூம் நெறைய இடத்துல ஏசி இருக்காது, புக் பண்றப்பவே பாத்துக்கங்க. டிசம்பர்ல கிறிஸ்துமஸ் மார்க்கெட் போடுவாங்க, நவம்பர் கடைசில ஆரம்பிச்சு ஜனவரி 6 வரைக்கும் இருக்கும், அழகா இருக்கும்தான், ஆனா சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடும், குளிர் பூஜ்யத்துக்குக் கீழ போகும். ஜூன்ல நேர்மாறு, ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். குளிர்காலத்துல வர்றவங்களுக்கு ஒரே சௌகரியம், சூரியன் உதிக்கவே காலைல எட்டு மணி ஆயிடும், அதனால விடியல் பாக்கணும்னு அலாரம் வச்சு அடிச்சுப் பிடிச்சு எழுந்திரிக்க வேண்டாம்.

விசா?

இந்திய பாஸ்போர்ட், இலங்கை பாஸ்போர்ட் ரெண்டுக்கும் ஷெங்கன் விசா (ஐரோப்பால பல நாட்டுக்கும் பொதுவான விசா) கட்டாயம். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வச்சிருக்கவங்களுக்கு 90 நாள் வரைக்கும் விசா வேண்டாம். பெரியவங்களுக்கு விசா ஃபீஸ் 2024 ஜூன்லேர்ந்து 90 யூரோ, டிராவல் இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடிலேர்ந்தே அப்ளை பண்ணலாம், கோடை சீசன்னா அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதே பெரும்பாடு, தள்ளிப் போடாதீங்க. பல நாடு போறீங்கன்னா எந்த நாட்டுல அதிக ராத்திரி தங்குறீங்களோ அந்த நாட்டு விசாதான் எடுக்கணும், எல்லாம் சம அளவுன்னா முதல்ல கால் வைக்கிற நாடு.

ஏர்போர்ட்லேர்ந்து ஊருக்குள்ள எப்படி வர்றது?

ஏர்போர்ட்டுக்கு நேரடி மெட்ரோ இல்ல. வெளிய வந்தா 59ம் நம்பர் டிராலி பஸ் நிக்கும், அதுல ஏறி நாட்ராஷி வெலஸ்லாவீன் ஸ்டேஷன்ல இறங்கி பச்சை லைன் மெட்ரோ புடிங்க, அவ்வளவுதான், சாதாரண சிட்டி டிக்கெட்டே போதும். பெட்டி படுக்கை நெறையன்னா ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ்னு தனி பஸ் இருக்கு, மெயின் ரயில்வே ஸ்டேஷன்ல கொண்டு வந்து விட்டுடும், அதுக்கு டிக்கெட் தனி. டாக்ஸின்னா ஊபர், போல்ட் ஆப்லயே போட்டுடுங்க, தெருவுல நிக்குற டாக்ஸில ஏறாதீங்க, குறிப்பா ஓல்டு டவுன் பக்கம்.

செக் ஐரோப்பிய யூனியன்ல தானே இருக்கு, யூரோ எடுத்துட்டு வந்தா போதும்ல?

2004லேர்ந்து ஐரோப்பிய யூனியன்ல இருக்கு, ஆனா பணம் யூரோ கிடையாது, செக் கொருனா. டூரிஸ்ட் கடைல யூரோ வாங்கிப்பாங்க, அவங்க வச்ச ரேட்டுல, மீதி கொருனால வரும், நமக்குத்தான் நஷ்டம். உண்மைல கையில காசு ரொம்ப வேண்டாம், ட்ராம் டிக்கெட்லேர்ந்து டீக்கடை வரைக்கும் கார்டைத் தட்டினா வேலை முடிஞ்சுடும், பாத்ரூமுக்கும் சந்தைக்கும் கொஞ்சம் சில்லறை இருந்தா போதும்.

இந்த ஊர்ல ஏமாறுறவங்க பெரும்பாலும் பணம் மாத்துற இடத்துலதான் ஏமாறுறாங்க, அதனால இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்றேன். எக்ஸ்சேஞ்ச் கடை வாசல்ல '0% கமிஷன்'னு பெருசா எழுதியிருப்பாங்க, கமிஷன் இல்லதான், ரேட்டுலயே வழிச்சு எடுத்துடுவாங்க. போர்டுல ரெண்டு ரேட் இருக்கும், கண்ணுல படுற மாதிரி இருக்கறது அவங்க உங்களுக்கு விக்கிற ரேட், உங்ககிட்டேர்ந்து வாங்குற ரேட்டுதான் நீங்க பாக்க வேண்டியது. காசை நீட்டுறதுக்கு முன்னாடி "100 யூரோ குடுத்தா கையில எவ்வளவு வரும்"னு நேரா கேளுங்க, எழுதிக் காட்டச் சொல்லுங்க. அப்படியும் மோசமான ரேட்டுல மாத்திட்டீங்கன்னா பதறாதீங்க, 2019 ஏப்ரல்லேர்ந்து இங்க ஒரு சட்டம் இருக்கு, 1000 யூரோ வரைக்குமான பரிமாற்றத்தை மூணு மணி நேரத்துக்குள்ள அதே கடைல ரத்து பண்ணி பணத்தைத் திருப்பி வாங்கலாம், காரணம்கூட சொல்ல வேண்டாம். ரசீதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அது இருந்தாதான் பேச முடியும்.

தெருவுல ஒருத்தர் வந்து "நல்ல ரேட் தர்றேன்"னு கூப்பிட்டா நிக்காம நடந்துடுங்க. அவர் குடுக்கறது கொருனாவாவே இருக்காது, செல்லாமப் போன வேற நாட்டு நோட்டா இருக்கும், புதுசா வந்தவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஏடிஎம்னா பேங்க் வாசல்ல இருக்க மெஷின்ல எடுங்க, ஸ்கிரீன்ல "உங்க நாட்டுப் பணத்துல கணக்கு போடவா"ன்னு கேக்கும், வேண்டாம்னு குடுத்து கொருனாலயே எடுங்க. கடைல கார்டு மெஷின் அதையே கேட்டாலும் இதே பதில்தான்.

எந்த ஏரியால ரூம் போடலாம்?

ஓல்டு டவுன்ல போடாதீங்க. விலை அதிகம், ராத்திரி பூரா குடிச்சுட்டுக் கத்துறவங்க சத்தம், பெட்டியை உருட்டிட்டு வந்தா கல்லு பதிச்ச ரோட்டுல சக்கரம் கழண்டுடும். வினோஹ்ராடி என்னோட முதல் சாய்ஸ், மரம் வரிசையா நிக்குற அகலமான தெரு, நல்ல பேக்கரி, ரெண்டு மூணு மெட்ரோ ஸ்டேஷன். கார்லின் தட்டையான ஏரியா, 2002 வெள்ளத்துல மூழ்கிப் போய் அப்புறம் புதுசா எழுந்து வந்த இடம், வயசானவங்க கூட வந்தா அங்க வசதி. ஷிஷ்கோவ் விலை கம்மி, மேடு பள்ளம் ஜாஸ்தி. ஹோலெஷோவிட்ஸே, ஸ்மீஹோவ் ரெண்டும் பரவால்ல. எங்க தங்கினாலும் மெட்ரோ இல்லன்னா ட்ராம் ஸ்டாப் அஞ்சு நிமிஷ நடையில இருக்கான்னு மட்டும் பாருங்க, இருபது நிமிஷத்துல சென்டருக்கு வந்துடலாம். தங்குறதுக்கு ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 50 கொருனா வரின்னு தனியா கேப்பாங்க, அது நகராட்சி வரிதான், ஏமாத்து வேலை இல்ல. அபார்ட்மென்ட்ல தங்குனா ராத்திரி பத்துலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் அமைதி நேரம், அந்த நேரத்துல சத்தம் போட்டா பக்கத்து வீட்டுக்காரங்க நேரா கதவைத் தட்டிடுவாங்க.

மெட்ரோ, ட்ராம் டிக்கெட் எப்படி?

ஒரே டிக்கெட் மெட்ரோ, ட்ராம், பஸ் எல்லாத்துக்கும் செல்லும். 30 நிமிஷம், 90 நிமிஷம், 24 மணி, 72 மணின்னு நேரக் கணக்குல இருக்கும், அந்த நேரத்துக்குள்ள எத்தனை வண்டி வேணா மாறிக்கலாம். ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை ஏறி இறங்குவீங்கன்னா 24 மணி நேர டிக்கெட் எடுத்துடுங்க. பேப்பர் டிக்கெட் வாங்குனா மஞ்சப் பெட்டில விட்டு முத்திரை குத்தணும், மெட்ரோல எஸ்கலேட்டர் இறங்குறதுக்கு முன்னாடியே பெட்டி இருக்கும், ட்ராம்ல உள்ள ஏறினதும். கேட் எதுவும் கிடையாது, யாரும் தடுக்க மாட்டாங்க, அதனாலயே நம்மாளுங்க குத்தாம நடந்துடறாங்க, கீழ சாதா உடையில செக்கிங் ஆளுங்க பேட்ஜை எடுத்துக் காட்டுவாங்க, கையில டிக்கெட் இருந்தாலும் முத்திரை இல்லன்னா ஃபைன்தான், டூரிஸ்ட்னு சொன்னா விட மாட்டாங்க. ட்ராம் உள்ள இருக்க கார்டு மெஷின்ல வாங்குனா அது ஏற்கனவே முத்திரை குத்துனதா வரும். லிட்டாச்கான்னு ஒரு ஆப் இருக்கு, அதுல டிக்கெட் உயிர் பெற கொஞ்ச நேரம் ஆகும், வண்டி ஏறுறதுக்கு முன்னாடியே அமுக்கிடுங்க.

மெட்ரோ நடு ராத்திரி வரைக்கும் ஓடும், அப்புறம் 90லேர்ந்து 99 வரைக்கும் நம்பர் போட்ட ராத்திரி ட்ராம் விடியுற வரைக்கும் இருக்கும், அதனால டாக்ஸியே தேவைப்படாது. எஸ்கலேட்டர் நம்ம ஊர் மால்ல இருக்கறதை விட வேகமா ஓடும், ஏறும்போது பாத்து, நிக்கறவங்க வலது பக்கம் நிக்கணும், இடது பக்கம் நடக்கறவங்களுக்கு. நாமெஸ்டி மீரு ஸ்டேஷன் 53 மீட்டர் ஆழம், அங்க எஸ்கலேட்டர்ல இறங்கி முடிக்கவே ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகும், குழந்தைங்களுக்கு அது ஒரு தனி குஷி.

சார்லஸ் பாலத்துக்கு எப்ப போகணும்?

விடியக்காலைல. வேற நேரம் சொல்லவே மாட்டேன். பகல் பதினோரு மணிக்குப் போனா பாலமே தெரியாது, தலைங்கதான் தெரியும்.

1342ல வந்த வெள்ளம் இங்க முன்னாடி இருந்த கல் பாலத்தை அடிச்சுட்டுப் போயிடுச்சு, அதுக்குப் பதிலா நாலாம் சார்லஸ் மன்னர் 1357ல அடிக்கல் போட்டு ஆரம்பிச்ச பாலம் இது, கட்டி முடிக்கறப்ப அடுத்த நூற்றாண்டே வந்துடுச்சு. 1841 வரைக்கும் ப்ராக்ல வல்டாவா ஆத்தைத் தாண்டணும்னா இது ஒண்ணுதான் பாலம், வண்டி, குதிரை, படை, ராஜா ஊர்வலம் எல்லாமே இது மேலதான் போயிருக்கு. சுமார் 516 மீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் சேத்து 30 சிலை. இப்ப நிக்கறதுல நெறைய நகல்தான், அசலை மழைலேர்ந்து காப்பாத்த உள்ள எடுத்து வச்சுட்டாங்க.

எல்லாரும் வரிசைல நின்னு தடவுற சிலை புனித யான் நெபோமுக். 1393ல மன்னர் வென்சஸ்லாஸ் ஆளுங்க இந்தப் பாதிரியாரைக் கொன்னு பாலத்துலேர்ந்து ஆத்துல வீசிட்டாங்க, அப்புறம் ரொம்ப காலம் கழிச்சு 1683ல சிலை வச்சாங்க. அடில ரெண்டு வெண்கலத் தகடு இருக்கும், கை பட்டுப் பட்டு ஒரு சில இடம் மட்டும் தங்கம் மாதிரி மின்னும், மீதி கறுப்பா இருக்கும். ஒரு பக்கத் தகடுல ஒரு நாய் இருக்கும், பாவம் அதையும் தேய்ச்சுத் தேய்ச்சு பளபளன்னு ஆக்கிட்டாங்க. அங்கேர்ந்து கொஞ்சம் நகந்து கைப்பிடிச் சுவரைக் கவனிச்சுப் பாத்தா கல்லுல பதிச்ச ஒரு சின்ன பித்தளைச் சிலுவை, அஞ்சு நட்சத்திரத்தோட, அவரை வீசுன இடம்னு நம்புறது அதைத்தான், அதைத் தாண்டி ஆயிரக்கணக்கான பேர் பாக்காமலே போறாங்க.

பாலத்துலேர்ந்தே படி இறங்கி காம்பா தீவுக்குப் போகலாம். காலைல பாலம் பாத்துட்டு அப்படியே அங்க இறங்கி ஓடைக்கரை ஓரமா நடங்க.

ஓல்டு டவுன் ஸ்கொயர்ல இருக்க அந்தப் பழைய கடிகாரம் பாக்கறதுக்கு நிக்கணுமா?

ஒரு தடவை நில்லுங்க. 1410ல செஞ்ச மெஷின், இன்னும் ஓடுது, சூரியன் சந்திரன் ராசி எல்லாம் காட்டும். காலைல 9லேர்ந்து ராத்திரி 11 வரைக்கும் மணிக்கு ஒரு தடவை எலும்புக்கூடு கயித்தை இழுக்கும், மேல ஜன்னல்ல 12 சீடர்கள் வந்து போவாங்க, கடைசில சேவல் கூவும், ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும், முடிஞ்சதும் "இவ்வளவுதானா"ன்னு ஒரு சத்தம் கூட்டத்துலேர்ந்து வரும். மணி அடிக்கறப்ப எல்லாரும் அண்ணாந்து பாப்பாங்க, அதுதான் ஜேப்படிக்காரங்களுக்கு வேலை நேரம், பையை முன்னாடி கட்டிக்கங்க. கடிகாரத்தை நிதானமாப் பாக்கணும்னா மணி அடிச்சுக் கூட்டம் கலைஞ்ச பிறகு நின்னு பாருங்க, கீழ இருக்க காலண்டர் வட்டத்துல மாசத்துக்கு ஒரு விவசாய வேலையா வரைஞ்சிருப்பாங்க, நல்ல வேலைப்பாடு. டவர் மேல போக லிஃப்ட் இருக்கு. பக்கத்துல டவுன் ஹால் பாதில வெட்டுன மாதிரி நிக்கும், 1945 மே மாசம் நாஜிகளை எதிர்த்து நடந்த எழுச்சில எரிஞ்ச பகுதி அது, திரும்பக் கட்டவே இல்ல. அங்கயே தரையில 27 வெள்ளைச் சிலுவை போட்டிருக்கும், 1621ல ஹப்ஸ்பர்க் அரச வம்சத்தோட ஆட்சியை எதிர்த்த 27 பேரை மரண தண்டனை குடுத்துக் கொன்ன இடம், தெரியாம அது மேல நின்னு செல்ஃபி எடுக்காதீங்க.

கோட்டைக்கு ஏறுறது கஷ்டமாமே?

கீழேர்ந்து படி ஏறினா கஷ்டம். அதனால ஏறாதீங்க, இறங்குங்க. 22ம் நம்பர் ட்ராம் புடிச்சு போஹோர்ஷெலெட்ஸ் ஸ்டாப்ல இறங்குங்க, அது கோட்டைக்கும் மேல இருக்கு. அங்கேர்ந்து ஸ்ட்ராஹோவ் மடாலயம், அதோட நூலகம் பாத்துட்டு, இறக்கத்துலயே நடந்து கோட்டைக்குள்ள போய், இன்னொரு பக்கம் வெளிய வந்து கோட்டைக்குக் கீழ இருக்க மாலா ஸ்ட்ரானா ஏரியா வரைக்கும் இறங்கிடலாம், முழங்கால் வலி உள்ளவங்களும் வந்துடுவாங்க.

வளாகத்துக்குள்ள நடக்க டிக்கெட் வேண்டாம், காலைல ஆறு மணிலேர்ந்து ராத்திரி பத்து வரைக்கும் திறந்திருக்கும், வாசல்ல செக்யூரிட்டி சோதனை இருக்கலாம். டிக்கெட் கட்டடங்களுக்குள்ள போகத்தான், அது ஒன்பது மணிக்குத் திறக்கும். ஞாயித்துக்கிழமை காலைல பூசை நடக்கறதால புனித வைட்டஸ் தேவாலயம் மதியத்துக்கு மேலதான் டூரிஸ்ட்டுக்கு. இந்தத் தேவாலயம் 1344ல ஆரம்பிச்சு 1929லதான் முடிஞ்சுது, கிட்டத்தட்ட 600 வருஷம், நடுவுல போர், பணமில்லாம நின்னு போனதுன்னு எல்லாம் பாத்துடுச்சு. உள்ள போனதும் இடது பக்கம் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முக்கா வரைஞ்ச கண்ணாடி ஜன்னல் இருக்கு, வெயில் அடிக்குற நேரம் போய் அங்க நின்னுடுங்க, நீலமும் பச்சையும் தரையில வந்து விழும். கோல்டன் லேன்ல 22ம் நம்பர் குட்டி வீடு எழுத்தாளர் காஃப்கா 1916, 17ல உக்காந்து எழுதுன வீடு.

யூதர் பகுதிக்கு டிக்கெட் வாங்குறது தேவையா?

தேவை, அவசரப்படாமப் போங்க. சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாளும் லீவு, அதை வச்சு உங்க நாளைத் திட்டம் போடுங்க.

யோசெஃபோவ்ல, அதான் யூதர் பகுதியோட பேர், எதைப் பாக்கலன்னாலும் பிங்காஸ் ஜெப ஆலயத்தைப் பாத்துடுங்க. உள்ள ஒண்ணும் இருக்காது, சுவர்தான். அந்தச் சுவர் பூரா கையால எழுதுன பேரு, இப்ப செக் நாட்டுல இருக்க பொகீமியா, மொராவியா பகுதிலேர்ந்து நாஜிகள் கொன்ன யூதர்கள் சுமார் 78,000 பேரோட பேரு, ஊர் வாரியா, குடும்பம் வாரியா, பிறந்த தேதியோட. முதல்ல 1950கள்ல எழுதுனாங்க, 1968ல கட்டடத்தை மூடிட்டாங்க, ஈரம் ஏறி எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு, கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு 1992லேர்ந்து 96 வரைக்கும் உக்காந்து திரும்ப ஒவ்வொரு பேரா எழுதியிருக்காங்க. ஒரே குடும்பப் பேருக்குக் கீழ வரிசையா ஆறு ஏழு பேரு, தேதியைப் பாத்தா தாத்தாலேர்ந்து கைக்குழந்தை வரைக்கும் இருக்கும். மாடில, நாஜிகள் யூதர்களை அடைச்சு வச்ச தெரெசின் முகாம்ல இருந்த குழந்தைங்க வரைஞ்ச படங்கள், வீடு, பட்டாம்பூச்சி, பூ. சின்னப் பிள்ளைங்களோட போறவங்க முன்னாடியே கொஞ்சம் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. அதுக்குப் பின்னாடிதான் பழைய கல்லறை, இடம் பத்தாம அடுக்கடுக்கா மேல மேல புதைச்சதால கல்லெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்கும்.

இதோட சேத்து இன்னொண்ணு, மெயின் ரயில்வே ஸ்டேஷன்ல முதல் பிளாட்ஃபார்ம்ல நிக்கலஸ் விண்டன் சிலை இருக்கு, ரெண்டு குழந்தைங்களோட நிப்பார். 1939ல போர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி 669 குழந்தைங்களை இங்கேர்ந்து ட்ரெயின் ஏத்தி இங்கிலாந்துக்கு அனுப்பிக் காப்பாத்துன வேலையில முக்கியமானவர். ட்ரெயின் புடிக்கப் போறப்ப அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க.

வெஜிடேரியன் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனா செக் சாப்பாடு அடிப்படைல கறி, குழம்பு, க்னெட்லீக்தான். க்னெட்லீக்ங்கறது மாவை ஆவில வேகவச்சு துண்டு போட்டு வைப்பாங்க, குழம்பை உறிஞ்சிக்கும், இட்லி மாதிரி மெத்துன்னு இருக்கும். குலாஷ், ஸ்விச்கோவா ரெண்டுமே பெரும்பாலும் மாட்டுக்கறி, சாப்பிடாதவங்க கேட்டுக்கங்க. சூப் வெஜ்ஜுன்னு போட்டிருந்தாலும் எலும்புத் தண்ணி இருக்கலாம், பூண்டு சூப்ல ஹாம் (பன்னிக்கறி) துண்டு போடுவாங்க. சைவத்துக்கு ஸ்மாஷெனி சீர்னு சீஸை பிரெட் தூள்ல புரட்டிப் பொரிச்சுத் தருவாங்க, எல்லாக் கடையிலயும் உண்டு, முட்டை கலக்கும். பழம் வச்ச க்னெட்லீக் ஒரு தட்டு சாப்பிட்டா அது ஒரு வேளைச் சாப்பாடே ஆயிடும். தாபா பியாஸ்னு சைவக் கடைங்க ஊருக்குள்ள சில இடத்துல இருக்கு, பருப்பு, சோறு, காய் எல்லாம் நாமளே போட்டுக்கிட்டு எடைக்குக் காசு குடுக்கலாம், நாலு நாள் ரொட்டி சாப்பிட்ட வாய்க்கு அந்தச் சோறு தேவாமிர்தம். செக்ல வியட்நாம்காரங்க ரொம்பப் பேர் தலைமுறையா இருக்காங்க, அவங்க கடைல சோறும் நூடுல்ஸும் நல்லா, விலை கம்மியா கிடைக்கும், தெருமுனை மளிகைக் கடையும் பெரும்பாலும் அவங்களுதுதான்.

காசு மிச்சம் பண்ணணும்னா வார நாள்ல மதியம் பதினொண்ணுலேர்ந்து ரெண்டு மணிக்குள்ள ஆபீஸ் போறவங்க சாப்பிடுற கடையாப் பாத்து உள்ள போங்க, அன்னைக்கு மெனுன்னு தனியா எழுதியிருப்பாங்க, அதே சாப்பாடு சாயங்காலத்தை விட நல்ல குறைவு. ஓல்டு டவுன் ஸ்கொயர்ல தொங்கவிட்டு வாட்டுற ஹாம்ல போட்டிருக்க விலை 100 கிராமுக்கு, அவங்க வெட்டி வைக்கறது முன்னூறு நானூறு கிராம் வரும், "100 கிராம்தான் வேணும்"னு முதல்லயே சொல்லிடுங்க. ஊர் பூரா விக்கிற உருளை பிஸ்கட் மாதிரி ட்ர்டெல்னீக்கை பழைய செக் பலகாரம்னு எழுதி வச்சிருப்பாங்க, அது இந்த ஊர்ப் பாரம்பரியம் இல்ல, டூரிஸ்ட்டுக்காக வந்தது. பசங்களுக்குப் பிடிச்சா வாங்கிக் குடுங்க, விலையைப் பாத்து.

தண்ணி, டிப்ஸ்?

குழாய்த் தண்ணி தாராளமாக் குடிக்கலாம், பாட்டிலை ரூம்லயே நிரப்பிட்டுக் கிளம்புங்க. ரெஸ்டாரன்ட்ல தண்ணிக்குக் காசு, பல இடத்துல பீரை விட அது விலை ஜாஸ்தி. குடிக்காதவங்க கோஃபோலா கேளுங்க, 1960லேர்ந்து இருக்க உள்ளூர் கோலா, மூலிகை வாசம் வரும், எனக்கு ரொம்பப் பிடிக்கும். டிப்ஸ் பத்து சதவீதம், இல்ல முழுத் தொகையா வர்ற மாதிரி ஏத்திச் சொன்னா போதும். பில்லுல ஏற்கனவே சர்வீஸ் சேத்துட்டாங்களான்னு பாருங்க, கேக்காம மேஜைல வச்ச பிரெட்டுக்கும் சில இடத்துல காசு போடுவாங்க.

அப்பா அம்மா, கைக்குழந்தையோட வர்றோம், சமாளிக்க முடியுமா?

முடியும், ஷூ விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. ரோடு பூரா கருங்கல் பதிச்சது, மழை பெஞ்சா வழுக்கும், செருப்பு சரிப்படாது. சின்ன சக்கரம் வச்ச ஸ்ட்ரோலர் கல்லு நடுவுல மாட்டிக்கும், பெரிய சக்கரம் இருக்கறதாக் கொண்டு வாங்க. எல்லா மெட்ரோ ஸ்டேஷன்லயும் லிஃப்ட் இல்ல, அதனால வயசானவங்களுக்கு ட்ராம்தான் பெஸ்ட், புது வண்டிங்க தாழ்தளம், ஜன்னலோரம் உக்காந்தா ஊரைச் சுத்திப் பாத்த மாதிரியும் ஆச்சு. 22ம் நம்பர் ட்ராம் ஆறு, தேசிய நாடக அரங்கம், கோட்டைன்னு எல்லாத்தையும் தொட்டுட்டுப் போகும், ஆனா டூரிஸ்ட் நெறைய ஏறுறதால ஜேப்படியும் அதுலதான் அதிகம், பர்ஸ் பின் பாக்கெட்ல வேண்டாம். 15 வயசுக்குக் கீழ டிக்கெட் இல்ல, வயசைக் காட்ட பாஸ்போர்ட் வச்சுக்கங்க.

கூட்டமில்லாம நிம்மதியா உக்கார எங்க போறது?

விஷெஹ்ராட். சிவப்பு லைன் மெட்ரோல அதே பேர் ஸ்டேஷன்ல இறங்கி பத்து நிமிஷம் நடந்தா பழைய கோட்டைச் சுவர் மேல ஏறிடலாம், ஆறு வளைஞ்சு போறது அப்படியே தெரியும், உள்ள போக டிக்கெட் இல்ல. அங்க இருக்க கல்லறைலதான் இசையமைப்பாளர்கள் த்வோர்ஷாக், ஸ்மெட்டனா, அந்தக் கண்ணாடி ஜன்னல் முக்கா எல்லாரும் இருக்காங்க. மதியம் ஒரு ரெண்டு மணி நேரம் சாண்ட்விச் எடுத்துட்டுப் போய் புல்லுல உக்காருங்க, செக் குடும்பங்க அப்படித்தான் உக்காந்திருப்பாங்க.

இன்னொண்ணு லெட்னா பூங்கா, ஆத்து மேல அடுத்தடுத்து இருக்க பாலங்களை ஒரே பார்வைல அங்கேர்ந்துதான் பாக்க முடியும். பெரிய மெட்ரோனோம் (இசைக்குத் தாளம் காட்டுற கருவி) ஒண்ணு ஆடிட்டிருக்கும், அந்த மேடைல 1955ல கம்யூனிஸ்ட் ஆட்சிக்காரங்க பிரம்மாண்டமா ஸ்டாலின் சிலை வச்சாங்க, 1962ல அவங்களே வெடி வச்சுத் தகர்த்துட்டாங்க. சனிக்கிழமை காலைன்னா ஆத்தங்கரைல நாப்லாவ்கா சந்தை, பழம், பிரெட், சீஸ், எல்லாம் உள்ளூர்க்காரங்க வாங்குறது.

ஒரு நாள் வெளிய போகணும்னா?

குட்னா ஹோரா. ட்ரெயின்ல ஒரு மணி நேரம். மத்திய காலத்துல வெள்ளிச் சுரங்கம் இருந்த ஊர், 1300லேர்ந்து ப்ராக் க்ரோஷென்ங்கற வெள்ளிக்காசு அங்கதான் அடிச்சாங்க, ப்ராக்ல நீங்க பாக்குற பெருமைல ஒரு பங்கு அந்த வெள்ளிலேர்ந்து வந்தது. செட்லெட்ஸ் எலும்பு ஆலயம் அங்கதான், பல்லாயிரம் பேரோட எலும்பால அலங்காரம் பண்ணது, இப்ப உள்ள போட்டோ எடுக்கக் கட்டுப்பாடு இருக்கு. எல்லாரும் அதை மட்டும் பாத்துட்டுத் திரும்பிடறாங்க, ஊர் அந்தக் கோடில இருக்க புனித பார்பரா தேவாலயம்தான் உண்மைல அற்புதம். நேரம் கம்மின்னா கார்ல்ஷ்டெய்ன் கோட்டை, ட்ரெயின்ல நாப்பது நிமிஷம், ஸ்டேஷன்லேர்ந்து அரை மணி நேரம் ஏத்தம்.

தமிழுக்கும் ப்ராக்குக்கும் ஏதோ தொடர்பு இருக்காமே?

இருக்கு, இதைக் கேட்டா எனக்கு சந்தோஷம். கமில் ஸ்வெலபில் 1927ல இந்த ஊர்ல பொறந்தவர், இங்க இருக்க சார்லஸ் பல்கலைக்கழகத்துல படிச்சவர், தமிழ் இலக்கியத்தையும் மொழி வரலாற்றையும் மேற்கு நாட்டு அறிஞர்கள்கிட்ட கொண்டு சேத்ததுல முதல் வரிசை ஆள். 1968 சோவியத் படையெடுப்புக்குப் பிறகு நாட்டை விட்டுப் போக வேண்டியதாச்சு, அமெரிக்கா, நெதர்லாந்துன்னு வேலை பாத்து 2009ல காலமானார். அவருக்கு அப்புறமும் இங்க யரோஸ்லாவ் வாட்செக் தமிழ் சொல்லிக் குடுத்தார். 1348ல ஆரம்பிச்ச பல்கலைக்கழகம் அது. அதோட கலைப்புலக் கட்டடம் ஆத்தங்கரைல யான் பாலாக் சதுக்கத்துல இருக்கு, யூதர் பகுதிக்குப் போற வழிதான், அந்தப் பக்கம் போறப்ப ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. பாலாக் யாருன்னா அதே 1968 படையெடுப்பை எதிர்த்து 1969 ஜனவரில தீக்குளிச்ச மாணவர்.

செக் மொழி தெரியாம சமாளிக்கலாமா? ஆளுங்க சிடுசிடுன்னு இருப்பாங்கன்னு சொல்றாங்களே?

இளைஞர்கள், கடைக்காரங்க இங்கிலீஷ் பேசுவாங்க. சிரிச்சுப் பேசலன்னா கோவம்னு அர்த்தம் இல்ல, பழக்கம் அப்படி. கடைக்குள்ள நுழையறப்ப "டோப்ரி டென்"னு வணக்கம் சொல்லணும், சொல்லாமப் போனா மரியாதை இல்லாதவங்கன்னு நெனப்பாங்க, சொல்லிப் பாருங்க, முகமே மாறும். நன்றிக்கு "டியெகுயி". கதவுல 'டம்'னு இருந்தா தள்ளணும், 'செம்'னு இருந்தா இழுக்கணும். ட்ராம்ல சத்தமா வீடியோ கால் பேசாதீங்க, ப்ளீஸ், மொத்த வண்டியும் திரும்பிப் பாக்கும். பெரியவங்க ஏறினா இங்க பசங்க சட்டுனு எழுந்து இடம் குடுத்துடுவாங்க, நம்ம பிள்ளைங்களும் எழுந்திரிக்கட்டும்.

சில்லறை விஷயங்கள்?

நம்ம ஊர் மூணு பின் பிளக் மாட்டாது, அடாப்டர் வேணும், மெலிசான ரெண்டு பின் சார்ஜர் அப்படியே மாட்டும். பொது பாத்ரூமுக்கு 10, 20 கொருனா நாணயம். பெரிய சூப்பர் மார்க்கெட் செப்டம்பர் 28, அக்டோபர் 28, டிசம்பர் 25, 26 மாதிரி சில அரசு விடுமுறைக்கு மூடிடும், சின்ன வியட்நாம் கடை திறந்திருக்கும். அவசரத்துக்கு 112, இங்கிலீஷ்ல பேசலாம், ஆம்புலன்ஸ் நேரடியா 155, போலீஸ் 158. பாஸ்போர்ட் தொலைஞ்சா முதல்ல போலீஸ்ல எழுதி வாங்கிட்டு அப்புறம் தூதரகம் போங்க, இந்தியத் தூதரகம் ப்ராக்லயே இருக்கு. பாஸ்போர்ட், விசா, இன்சூரன்ஸ் மூணையும் போட்டோ எடுத்து உங்க மெயிலுக்கே அனுப்பி வச்சுடுங்க, ஃபோன் தொலைஞ்சாலும் கைல இருக்கும்.